கடலூர் நகராட்சியின் வரவும் செலவும் - 1866 முதல் ஒரு கணக்கு



2025 பொங்கலுக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா வீடு கடலூர் மாநகராட்சியை ஒட்டிய ஒரு கிராம ஊராட்சியில் இருக்கிறது. அந்தச் சமயத்தில் தமிழ்நாடு முழுக்க நகரங்களை ஒட்டிய ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைப்பது பற்றித்தான் பேச்சு. வரி ஏறிவிடும், 100 நாள் வேலை போய்விடும் என்று பல ஊர்களில் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்துக்கொண்டிருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்த என்னிடம் மாமா கேட்டார்:

"ஏன் மாப்ள, நீ பி.காம். படிக்கிறல்ல, நீயே சொல்லு. எந்த டவுனை எடுத்துக்கிட்டாலும் வரி நம்மள விட எத்தனையோ மடங்கு. ஆனா அங்க இருக்கறவனும் காசு இல்ல, காசு இல்லன்னுதான் சொல்றான். அந்தப் பணமெல்லாம் எங்கதான் போவுது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கம்பெனிக் கணக்கு படித்தேன், அடக்கவிலைக் கணக்கு படித்தேன், கூட்டாண்மை கலைந்தால் யாருக்கு எவ்வளவு என்று பைசா சுத்தமாகப் பிரிக்கத் தெரியும். ஆனால் தினமும் போய்வரும் ஊரின் கணக்கு எப்படி ஓடுகிறது என்று ஒரு வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை.

இன்னொன்றும் உறுத்தியது. எங்கள் வீடு அண்ணாகிராமம் ஒன்றியத்தில். வீட்டு வரி எங்கள் ஊராட்சிக்குப் போகிறது. நான் தினமும் நெல்லிக்குப்பம் வழியாக பஸ் பிடித்து கடலூர் போகிறேன். அந்த ஊர் ரோட்டில் நடக்கிறேன், தெருவிளக்கில் வழி பார்க்கிறேன், டீ குடித்த கப்பை அங்கேதான் போடுகிறேன். அந்த ஊருக்கு நேரடியாக நான் கட்டும் வரி சைபர். பொருளாதாரப் புத்தகத்தில் 'இலவசப் பயணி' என்று ஒருவனைப் பற்றி வருமே, அவன் நான்தான் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். நூலகத்திலும் இணையத்திலுமாகப் படித்ததில் ஒன்று புரிந்தது. கடலூர் மாதிரி ஊர்களின் கஜானா ஏன் மெலிந்திருக்கிறது என்பதற்கு 'ஊழல்' என்ற ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. அது பாதிப் பதில்கூட இல்லை. இந்த ஊர் என்ன செலவு செய்ய வேண்டும், எதில் வரி வாங்கலாம் என்ற இரண்டையும் ஆரம்பத்திலிருந்தே வேறு யாரோதான் முடிவு செய்து வந்திருக்கிறார்கள்.

முதலில் ஊரின் உருவத்தைப் பார்க்க வேண்டும். 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை, செஞ்சியில் இருந்த மராட்டிய மன்னர் ராஜாராமிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதற்கு ஒரு விசித்திரமான அளவுகோல் வைத்தார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுடுவது, குண்டு விழும் தூரம் வரை கம்பெனிக்குச் சொந்தம். பெரிய பீரங்கியாகப் பார்த்து எல்லாத் திசையிலும் சுட்டார்களாம். குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்ற பெயர்கள் இன்றும் இருக்கின்றன. அந்தக் கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை. 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்த பிறகு 1752 வரை தென்னிந்தியாவில் கம்பெனியின் தலைமையிடமே அதுதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடலூர் ஒரே ஊர் மாதிரித் தெரிந்தாலும் அது நாலைந்து ஊர். துறைமுகமும் வியாபாரமும் இருந்த முதுநகர், கலெக்டர் ஆபீஸ் இருக்கும் மஞ்சக்குப்பம், பாடலீஸ்வரர் கோயிலைச் சுற்றிய திருப்பாதிரிப்புலியூர், கடற்கரையில் தேவனாம்பட்டினம். நடுவில் கெடிலம் ஆறு ஓடுகிறது. நெருக்கமாக ஒரே இடத்தில் அமைந்த ஊருக்கு ஒரு கிலோமீட்டர் ரோடு போட்டால் நூறு வீட்டுக்குப் பயன்படும். சிதறிய ஊரில் அதே ரோடு பாதி வீட்டுக்குத்தான். விளக்கு, குழாய், குப்பை வண்டி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. 1901 கணக்கெடுப்பில் கடலூரின் மக்கள்தொகை 52,216. அன்றைய அளவில் பெரிய ஊர்தான், ஆனால் பரப்பிப் போட்ட பெரிய ஊர்.

கடலூர் நகராட்சி பிறந்தது 1866-ல். சென்னை மாகாணத்தில் 1865-ல் வந்த நகர மேம்பாட்டுச் சட்டத்தின்படி. பெயரைப் பார்த்தால் நகரத்தை மேம்படுத்துவதற்கான சட்டம் மாதிரி இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் வேறு கதை.

1857 கிளர்ச்சியை அடக்கியதில் பிரிட்டிஷ் இந்திய அரசின் கஜானா காலி. கடன் ஏறிவிட்டது. அதைச் சமாளிக்கத்தான் 1860-ல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவுக்கு முதல் பட்ஜெட் போட்டு வருமான வரியையும் கொண்டுவந்தார். (பி.காம். மாணவர்கள் அனைவரும் இவரைச் சபிக்கலாம்.) வருமானத்தை ஏற்றுவது ஒரு வழி என்றால், செலவை இன்னொருவர் தலையில் கட்டுவது இரண்டாவது வழி. அப்போதுதான் புதிதாக அமைத்திருந்த போலீஸ் துறை பெரிய செலவாக இருந்தது. 1865 சட்டம் என்ன செய்தது தெரியுமா? ஊரில் இருக்கும் போலீஸின் செலவில் நான்கில் மூன்று பங்கை நகராட்சியே கொடுக்க வேண்டும் என்றது. அன்றைக்குத் தேர்தலும் கிடையாது. கலெக்டரும் அதிகாரிகளும், அரசு நியமித்த சில உள்ளூர்க்காரர்களும் சேர்ந்ததுதான் நகராட்சிக் கமிஷன்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஊர்க்காரனுக்கு ஒரு புது வரி போடுகிறார்கள். உன் தெருவைச் சுத்தம் செய்யப் போகிறோம், விளக்கு போடப் போகிறோம் என்கிறார்கள். வசூலானதும் முதல் பங்கு போலீஸுக்கு. போலீஸ் யாருடைய உத்தரவைக் கேட்கும்? நகராட்சியினுடையதை அல்ல, மாகாண அரசினுடையதை. சம்பளம் கொடுப்பவன் ஒருவன், வேலை வாங்குபவன் இன்னொருவன். எந்த முதலாளி இப்படி ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவான்?

இந்த ஏற்பாடு தவறு என்று ஆட்சியாளர்களுக்கே பிறகு புரிந்தது. 1880-களின் தொடக்கத்தில், ரிப்பன் பிரபு காலத்தில், நகராட்சிகளைப் போலீஸ் செலவிலிருந்து விடுவித்துவிட்டு அந்தப் பணத்தைக் கல்விக்கும் மருத்துவத்துக்கும் உள்ளூர் வேலைகளுக்கும் திருப்ப வேண்டும் என்று இந்திய அரசே சொன்னது. 1882 மே மாதத் தீர்மானம் புகழ்பெற்றது. அதன் தொடர்ச்சியாக 1884-ல் புது நகராட்சிச் சட்டமும் வந்தது. ரிப்பனை 'உள்ளாட்சியின் தந்தை' என்று ஸ்கூல் புத்தகத்தில் படித்திருப்போம். ஆனால் அந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் இருந்த இந்தக் கணக்கு விவகாரத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு செலவு போனது, அதே இடத்தில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அம்மை குத்துதல் என்று வேறு செலவுகள் வந்தன. இவையாவது ஊருக்கு நேரடியாகப் பயன்படுபவை.

வரவுப் பக்கம் வருவோம். வட இந்திய நகரங்களில் ஊருக்குள் வரும் சரக்கின் மேல் 'ஆக்ட்ராய்' வரி வாங்கினார்கள். சென்னை மாகாணத்தில் அது இல்லை. இங்கே பெரிய வரவுகள் வீடு, நிலங்களின் மேல் வரி, தொழில் வரி, அப்புறம் சுங்கம். ஊருக்குள் நுழையும் ரோட்டில் கேட் போட்டு, வண்டிக்கு இவ்வளவு என்று வாங்குவது. அந்த கேட்டை ஏலம் விட்டு குத்தகைக்குக் கொடுப்பதும் உண்டு.

கடலூரைப் பொறுத்தவரை இந்தச் சுங்கம் எவ்வளவு பொருத்தமான வரி என்று பாருங்கள். தென்னார்க்காடு மாவட்டம் வேர்க்கடலைக்குப் பேர்போனது. உள்நாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக மாட்டு வண்டிகளில் கடற்கரைக்கு வரும். ஒன்று பாண்டிச்சேரி போகும், அல்லது கடலூர் துறைமுகம் வரும். இரும்புப் பட்டை போட்ட சக்கரம் ரோட்டை உழுதுவிடும். ரோட்டைத் தேய்ப்பவனிடமே ரோட்டுக்குக் காசு வாங்குவது நியாயம்தானே! என்னைப் போன்ற இலவசப் பயணி அன்றைக்கு வண்டியில் வந்திருந்தால் கேட்டில் காசு கொடுத்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்திருப்பான்.

1920-களில் மோட்டார் பஸ்ஸும் லாரியும் பெருகின. ஒவ்வொரு ஊர் எல்லையிலும் நின்று நின்று காசு கொடுப்பது பஸ் முதலாளிகளுக்குத் தொல்லை, விவசாயிக்கும் தொல்லை. அதனால் சென்னை மாகாணம் 1931-ல் மோட்டார் வாகன வரிச் சட்டத்தைக் கொண்டுவந்து, சுங்கத்தையே ஒழித்துவிட்டது. வண்டி வைத்திருப்பவர் மாகாண அரசுக்கு வரி கட்ட வேண்டியது. சுங்கத்தை இழந்த நகராட்சிகளுக்கு, அவை முன்னால் சம்பாதித்துக்கொண்டிருந்த சுங்க வருமானத்தை வைத்துக் கணக்குப் போட்டு ஈட்டுத்தொகை.

மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல சீர்திருத்தம். நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். ஆனால் கணக்குப் படிக்கிறவன் கண்ணுக்கு ஒன்று தட்டுப்படும். நகராட்சி இழந்தது வளரும் வருமானம். அதற்குப் பதிலாகக் கிடைத்தது பழைய வருமானத்தோடு கட்டிப்போட்ட ஒரு தொகை. அந்தப் பக்கம் மோட்டார் வண்டிகள் பத்து நூறாகி, நூறு ஆயிரமாகி, லட்சங்களாகப் பெருகின. வாகன வரியின் வளர்ச்சி முழுக்க மேலே இருக்கும் அரசுக்கு. வண்டிகள் ஓடித் தேய்க்கும் ஊர்த் தெருவோ நகராட்சிக்கு.

இதை 2017 ஜி.எஸ்.டி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாநிலங்கள் தங்கள் விற்பனை வரி அதிகாரத்தை விட்டுக்கொடுத்தபோது சும்மா கொடுக்கவில்லை. 2015-16 வருமானத்தை அடிப்படையாக வைத்து, ஆண்டுக்கு 14 சதவீத வளர்ச்சி என்று கணக்கிட்டு, ஐந்து ஆண்டுகளுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று பேரம் பேசி வாங்கினார்கள். அதாவது மாநிலங்களுக்கு 'வளர்ச்சி' என்பதன் மதிப்பு நன்றாகவே தெரிந்திருக்கிறது. 1931-ல் பேரம் பேசும் இடத்தில் நகராட்சி இல்லை, அவ்வளவுதான். (2017-லும் இல்லை. ஜி.எஸ்.டி.க்கான அரசியல் சட்டத் திருத்தத்தில் விளம்பர வரி காணாமல் போனது. அதுவும் நகராட்சிகளின் ஒரு சின்ன வருமானம்.)

வேடிக்கை என்னவென்றால் சுங்கச்சாவடி திரும்ப வந்துவிட்டது. கடலூர் - சிதம்பரம் வழியில் கொத்தட்டையில் 2024 இறுதியில் சுங்கச்சாவடி வந்து, தனியார் பஸ் முதலாளிகள் போராட்டமெல்லாம் நடந்தது நினைவிருக்கும். ஆனால் இந்தச் சுங்கம் தேசிய நெடுஞ்சாலைக் கணக்கு. ஊர் நகராட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது சொத்து வரி. 1920-ல் வந்த மாவட்ட நகராட்சிகள் சட்டம் சாதாரணப்பட்ட சட்டம் இல்லை. தமிழ்நாட்டு நகராட்சிகள் நூறாண்டுக்கு மேல் அதில்தான் ஓடின. 1998-ல் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு புதுச் சட்டம் இயற்றியும், அது உண்மையில் நடைமுறைக்கு வந்தது 2023-ல்தான். அந்த 1920 சட்டத்தில் சொத்து வரிக்கு அடிப்படை 'ஆண்டு மதிப்பு'. அந்தக் கட்டடத்தை வாடகைக்கு விட்டால் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாமோ அது. அதில் கட்டடப் பங்கில் பத்து சதவீதம் பராமரிப்புக்குக் கழிவு.

நல்ல யோசனைதான். ஊர் வளர்ந்தால் வாடகை ஏறும், வாடகை ஏறினால் வரி தானாக ஏறும். ஆனால் போர்க்காலத்தில் தொடங்கி வாடகைக் கட்டுப்பாடு வந்துவிட்டது. வாடகைச் சட்டப்படி 'நியாய வாடகை' குறைவாக இருந்து, வெளியில் ஓடும் வாடகை அதிகமாக இருந்தால் எதை வைத்து வரி போடுவது? இந்தக் கேள்வி இதே 1920 சட்டத்தின் கீழ், குண்டூர் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனது. (ஆந்திரம் பிரிவதற்கு முன் குண்டூரும் சென்னை மாகாணம்தான், அதனால் அங்கேயும் இதே சட்டம்.) 1970-ல் தீர்ப்பு வந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நியாய வாடகைக்கு மேல் போய் மதிப்பிட முடியாது, நியாய வாடகை முறைப்படி நிர்ணயம் ஆகாவிட்டாலும் அதே அளவுகோல்தான் என்று. வாடகைதாரரைக் காக்க வந்த சட்டம் நகராட்சியின் கையையும் சேர்த்துக் கட்டிவிட்டது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை.

அடுத்தது அரசியல். சொத்து வரியை ஐந்தாண்டுக்கு ஒரு முறை திருத்த வேண்டும் என்பது விதி. சென்னை தவிர்த்த தமிழ்நாட்டு ஊர்களில் 2008-ல் திருத்தினார்கள். 2013-ல் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. 2018-ல் ஏற்றினார்கள், கடும் எதிர்ப்பு, 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள். கடைசியில் 2022 ஏப்ரலில் ஒரேயடியாக ஏற்றினார்கள். சென்னைக்கு வெளியே வீடுகளுக்கு அளவைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரை, வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம். ஊரே கொதித்தது.

நானும் அப்போது 'அநியாயம்' என்றுதான் நினைத்தேன். கால்குலேட்டரை எடுத்துத் தட்டிப் பார்த்த பிறகு மனசு மாறிவிட்டது. 2008-லிருந்து 2022 வரை 14 ஆண்டுகள். ஆண்டுக்கு வெறும் 5 சதவீதம் கூட்டு வட்டிக் கணக்கில் ஏற்றியிருந்தாலே 14 ஆண்டில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகியிருக்கும். அதாவது 100 சதவீத உயர்வு என்பது ஆண்டுக்கு 5 சதவீதம்தான். சின்ன வீடுகளுக்குப் போட்ட 25 சதவீதம் ஆண்டுக்கு 1.6 சதவீதம். அந்த 14 ஆண்டில் சிமென்ட் விலை, மின்கட்டணம், துப்புரவுப் பணியாளர் சம்பளம் எதுவும் 1.6 சதவீதத்தில் நிற்கவில்லை. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு மொத்தமாகக் கட்டச் சொன்னதுதான் தப்பு. பிறகு பாடம் கற்றார்கள் போலிருக்கிறது, 2024-ல் ஆண்டுக்கு 6 சதவீத உயர்வு என்ற முறை வந்தது.

அந்த 2022 உயர்வுக்கும் காரணம் உள்ளூரில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 15-வது நிதிக்குழு ஒரு நிபந்தனை வைத்தது. சொத்து வரிக்கு அடிமட்ட விகிதம் அறிவிக்க வேண்டும், வசூலும் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக உயர வேண்டும், இல்லையென்றால் நகரங்களுக்கு மானியம் இல்லை. கடலூர் 2021-ல் மாநகராட்சி ஆனது. 2022 பிப்ரவரியில் தேர்தல். மார்ச்சில் முதல் மேயராக சுந்தரி ராஜா பதவியேற்றார். ஏப்ரலில் வரி உயர்வு உத்தரவு. தமிழ்நாடு முழுக்கப் புதிதாக வந்த கவுன்சிலர்கள் தங்கள் வார்டில் நன்றி சொல்லி முடிப்பதற்குள் வரி உயர்வுத் தீர்மானத்துக்குக் கை தூக்க வேண்டியதாயிற்று. பாவம்.

அதற்கு முன் 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அலுவலர் ஆட்சி. 1991-லிருந்து 1996 வரையும் இதே கதைதான் நடந்தது. பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டம் 1993-லிருந்து தெளிவாகச் சொல்கிறது. ஆனாலும் நடக்கவில்லை. மன்றம் இல்லை என்பதால் 14-வது நிதிக்குழுவின் மத்திய மானியத் தவணைகளையும் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளுக்கு நிறுத்திவைத்தார்கள். தேர்தல் நடத்தாதது ஊர் செய்த தப்பா? இல்லை. தண்டனை ஊருக்கு.

தொழில் வரியையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். அரசியல் சட்டமே இதற்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. முதலில் ஆண்டுக்கு 250 ரூபாய், 1988-ல் 2,500 ரூபாய். மாதம் ஐம்பதாயிரம் வாங்குபவரும் ஐந்து லட்சம் வாங்குபவரும் இந்த எல்லையைத் தாண்டிக் கட்ட வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் ஆச்சரியம் தந்தது எல்லைக்கோடுதான். பக்கத்துச் சிதம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1873-லிருந்து நகராட்சி. அந்த ஊருக்கு உலகம் முழுக்கப் பேர் வாங்கித் தருபவை இரண்டு. ஒன்று நடராஜர் கோயில், இன்னொன்று 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம். வழிபாட்டு இடத்துக்குச் சொத்து வரி கிடையாது. பல்கலைக்கழகம் இருப்பது அண்ணாமலைநகர் என்ற தனிப் பேரூராட்சியில். ஆக இரண்டுமே நகராட்சியின் சொத்து வரிக் கணக்கில் இல்லை. ஆனால் தரிசனத்துக்கு வரும் கூட்டமும் படிக்க வரும் கூட்டமும் நடப்பது நகராட்சித் தெருவில்.

கடலூரிலும் அப்படித்தான். மாவட்டத் தலைநகர் என்பது பெருமைதான். ஆனால் அரசு ஆபீஸ்களும் ரயில்வேயும் தபால்துறையும் பிடித்திருக்கும் இடம் கொஞ்சமா? மத்திய அரசின் சொத்துக்கு உள்ளாட்சி வரி போடக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 285-வது பிரிவு சொல்கிறது. பெரிய ஆலைகள் இருக்கும் சிப்காட் தொழிற்பேட்டையோ சிதம்பரம் சாலையில் குடிகாடு போன்ற கிராம ஊராட்சிகளில், நகராட்சி எல்லைக்கு வெளியே அமைந்தது. வேலைக்குப் போகிறவர்கள் பலர் நகரத்தில் குடியிருப்பவர்கள். ஆலைக்கான வரி வேறு எல்லையில்.

1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது திருத்தம் இதையெல்லாம் சரிசெய்யும் என்று எதிர்பார்த்தார்கள். 12-வது அட்டவணையில் நகராட்சிகளுக்கு 18 வேலைகள் பட்டியலாக இருக்கின்றன. நகரத் திட்டமிடலில் தொடங்கி இறைச்சிக்கூடம் வரை. இந்த 18 வேலைக்கும் ஈடாக வரிகளின் பட்டியல் எங்கே என்று தேடினேன். கிடையாது. எந்த வரி கொடுப்பது என்பது மாநிலத்தின் விருப்பம். மாநில நிதிக்குழுப் பரிந்துரைப்படி தமிழக அரசு தன் சொந்த வரி வருவாயில் ஒரு பங்கைக் கொடுக்கிறது. பல ஆண்டுகளாக அது 10 சதவீதம். அதைக் கிராமமும் நகரமும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பல மாநிலங்களைவிட இது ஒழுங்கான ஏற்பாடு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அது இல்லையென்றால் பல நகராட்சிகளில் சம்பளம் போடவே முடியாது.

இவ்வளவு நெருக்கடி என்றால் நகராட்சிகள் ஏன் திவாலாகவில்லை என்று கேட்கலாம். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரம் 2013-ல் ஏறத்தாழ 1,800 கோடி டாலர் கடனோடு மஞ்சள் கடுதாசி கொடுத்தது. இங்கிலாந்தில் பர்மிங்காம் மாநகராட்சி 2023-ல் பட்ஜெட்டைச் சமன்செய்ய முடியவில்லை என்று அறிவித்து, அத்தியாவசியம் தவிர்த்த புதுச் செலவுகளை நிறுத்தியது. கடலூருக்கு அந்த நிலை வராது. காரணம் ஆரோக்கியம் அல்ல. 1914-ன் உள்ளாட்சிக் கடன் சட்டக் காலத்திலிருந்தே இங்கே அரசின் அனுமதி இல்லாமல் நகராட்சி கடன் வாங்க முடியாது. கடன் வாங்க முடியாதவன் எப்படித் திவாலாவான்? அவன் வேலையை நிறுத்திக்கொள்வான். பழுதான பம்ப்பை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பான். ரோடு போடுவதைத் தள்ளிப்போடுவான். ரொக்கக் கணக்கில் வரவும் செலவும் அழகாகச் சரியாக வரும். சரக்கு வாங்காத கடைக்காரன் கல்லாவில் பணம் இருப்பது மாதிரி.

2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு நகராட்சிகள் எல்லாம் ரொக்கக் கணக்கை விட்டு, நம்ம பாடத்தில் வரும் இரட்டைப் பதிவு முறைக்கும் சேர்வுக் கணக்குக்கும் மாறின. இந்தியாவிலேயே முன்னோடி முயற்சி. அதில் தேய்மானம் தெரியும், கொடுக்க வேண்டிய பாக்கி தெரியும். குடிநீர் - வடிகாலுக்குத் தனி நிதிக் கணக்கு, தொடக்கக் கல்விக்குத் தனி. 'பணம் எங்கே போகிறது' என்று கேட்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தேய்மான வரியைத்தான். தேய்ந்ததற்கு ஈடாகப் புதிதாகப் போட்டது எவ்வளவு என்று பார்த்தால் ஊரின் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மக்கள் வரி கட்டவே மாட்டார்கள் என்பதும் பொய். சென்னையை ஒட்டிய ஆலந்தூர் அப்போது தனி நகராட்சி. 1990-களின் இறுதியில் பாதாளச் சாக்கடை வேண்டும் என்று வந்தபோது வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கட்டச் சொன்னார்கள். தலைவர் ஆர்.எஸ். பாரதி. தெருத் தெருவாகப் போய் விளக்கினார்கள், மக்கள் கட்டினார்கள், சாக்கடை வந்தது. எதற்குக் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்டினார்கள். 1866-ல் கடலூர்க்காரன் விளக்குக்கு என்று கட்டி, அது போலீஸுக்குப் போனதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எங்கள் ஊராட்சிப் பக்கமும் முன்பு ஒரு நல்ல முறை இருந்திருக்கிறது. 1958 ஊராட்சிச் சட்டத்தில், வீட்டு வரியாக ஊராட்சி வசூலிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அரசு ஒரு ரூபாய் ஈடு மானியம் கொடுக்கும். வசூலித்தால் இரட்டிப்பு. தலைவருக்கும் வசூலிக்கத் தைரியம் வரும்.

இவ்வளவையும் படித்துவிட்டு மாமாவுக்கு போன் போட்டு அரை மணி நேரம் பேசினேன். பீரங்கிக் கதையைத்தான் ரசித்துக் கேட்டார். கடைசியில், "அதெல்லாம் சரி மாப்ள, அப்ப சேரணுமா, வேணாமா? அதச் சொல்லு" என்றார்.

"சேரறதப் பத்தி அப்புறம் பாக்கலாம் மாமா. மொதல்ல ரெண்டு விஷயம் கேளுங்க. வீடுங்கள மட்டும் சேக்கறாங்களா, இல்ல சிப்காட் கம்பெனிங்க இருக்கற ஊராட்சிங்களையும் சேக்கறாங்களா? நம்ம ஊர்ல இருந்து வசூலாகற வரியில எவ்ளோ நம்ம ஊர் ரோட்டுக்கும் குழாய்க்கும் வரும்னு எழுத்துல தருவாங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இரு, பேனா எடுத்தாறேன். ஜனவரி 26 கிராம சபை வருது. இன்னொரு தபா மெதுவா சொல்லு" என்றார்.